லேத்துக்கு வைத்த பொட்டு

எங்கள் பட்டறையில் இயந்திரம் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ள ஒன்றுதான் இருக்கிறது. கையால் ஓட்டும் பழைய லேத். இரும்புத் தண்டைச் சுழலவிட்டு, கைச்சக்கரத்தைத் திருகித் திருகி டூலை நகர்த்திக் கடைய வேண்டும். கணினி வைத்த லேத்துகள் பக்கத்துக் கட்டடங்களில் வரிசையாக ஓடிக்கொண்டிருக்கின்றன. ஆனால் அவர்கள் நூறு தண்டு கேட்டால்தான் வேலையைத் தொடுவார்கள். உடைந்துபோன ஒரே ஒரு தண்டுக்கு மாற்று வேண்டுமென்றால் ஆட்கள் எங்களிடம்தான் வருவார்கள். எங்கள் பிழைப்பு அந்த ஒற்றைத் தண்டில் ஓடுகிறது, நன்றாகவே ஓடுகிறது.

பட்டறை சுங்கை காடுட் தொழிற்பேட்டையில் இருக்கிறது. என் வீடு சுவா சூ காங்கில், பாயின் வீடு கிளமெண்டியில். பாய் என் கூட்டாளி. இருவரும் முன்பு ஒரே கம்பெனியில் வேலை பார்த்தவர்கள். கம்பெனி எல்லை தாண்டி ஜோகூருக்கு இடம் மாறியபோது, அவர்கள் கழித்துவிட்ட லேத்தை ஆளுக்குப் பாதி போட்டு வாங்கித் தொழில் தொடங்கினோம். அவருடையது மூன்று தலைமுறையாக இந்த ஊரில் இருக்கும் தமிழ் முஸ்லிம் குடும்பம். என்னுடையது வருடம் தவறாமல் தீமிதிக்குப் போகும் குடும்பம். அவருக்கு நான் அண்ணன், எனக்கு அவர் பாய். எவ்வளவு நெருக்கமானாலும் நாங்கள் ஒருவரை ஒருவர் நீ என்று கூப்பிட்டுக்கொண்டதில்லை.

வேலையில் ஒரு பங்கீடு தானாக அமைந்துவிட்டது. கடைவதும் வாடிக்கையாளரிடம் வாயடிப்பதும் நான். லேத்தைப் பார்த்துக்கொள்வது பாய். முக்கியமாக அதன் வழுக்கி ஓடும் பாகங்களை. லேத்தின் நீளத்துக்குத் தண்டவாளம் மாதிரி இரண்டு இரும்புத் தடங்கள் இருக்கும். அதைத்தான் பெட் என்போம். டூலைத் தாங்கும் சாடில் அதன்மேல் உட்கார்ந்து இப்படியும் அப்படியும் வழுக்கிப் போய்வரும். இரண்டுக்கும் நடுவில் எண்ணெய் ஒரு மெல்லிய படலமாக நிற்க வேண்டும். இடைவெளி கூடினால் சாடில் ஆடும், குறைந்தால் இறுகும். அதைச் சரிக்கட்ட ஜிப் என்று ஓர் ஒல்லியான இரும்புப் பட்டையும் அதை நெருக்கும் ஸ்க்ரூக்களும் உண்டு. சாடிலின் முனைகளில் கம்பளித் துண்டுகள் வைத்திருக்கும். போகிற வழியில் கிடக்கும் தூசியை அவை துடைத்துக்கொண்டே போகும். எப்பேர்ப்பட்ட கெட்டிக்காரன் கடைந்தாலும் இந்த வழுக்கல் சரியில்லை என்றால் தண்டு நேராக வராது.

சாயங்காலம் வேலை முடிந்ததும் பாய் தன் வேலையைத் தொடங்குவார். இரும்புத் துருவலைக் காற்றடித்து ஊத விடமாட்டார், ஊதினால் தூசி சாடிலுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும் என்பார். பிரஷால் கூட்டி, பழைய பனியன் துணியால் துடைத்து, எண்ணெய் விட்டு, சாடிலை ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு ஓட்டிப் பார்ப்பார். பிறகு விரல் நுனியால் தடத்தை ஒரு தடவு. விரல் பட்ட இடத்தில் வியர்வை உப்பு நிற்கும் என்று உடனே அங்கே இன்னொரு சொட்டு எண்ணெய். இந்த ஊர்க் காற்றில் பளபளப்பான இரும்பை ஒரு ராத்திரி வெறுமனே விட்டால் போதும், காலையில் செம்மண் நிறம் காட்டிவிடும். நான் அதற்குள் கை கழுவிச் சட்டை மாற்றிக்கொண்டு, பிள்ளைக்குப் பவுடர் போட்டாகிவிட்டதா, கிளம்பலாமா என்று கேலி செய்வேன். அவர் சிரிப்பார், அவசரப்பட மாட்டார்.

ஆயுத பூஜை மட்டும் என் துறை. அன்று மத்தியானத்தோடு வேலையை நிறுத்துவோம். பாய் தன் பங்குக்கு எல்லாவற்றையும் துடைத்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார். பிறகு நானும் என் மனைவியும் பூஜையை ஆரம்பிப்போம். எனக்கு எதையும் அடக்கமாகச் செய்ய வராது. விபூதியைத் தண்ணீரில் குழைத்து தண்டைச் சுழற்றும் லேத்தின் தலைப்பாகத்தில் பட்டை போடுவேன், தண்டைக் கவ்விப் பிடிக்கும் சக்கில் போடுவேன், பெட்டின் தடத்திலேயே முன்னாலும் நடுவிலும் மூன்று விரல் அகலத்துக்கு இழுப்பேன். அதன்மேல் சந்தனம், அதன்மேல் குங்குமம். எலுமிச்சம்பழத்தை அறுத்துக் குங்குமம் தடவி, பாதி இந்தக் கோடியில், பாதி அந்தக் கோடியில் தடத்தின்மேல் கவிழ்த்து வைப்பேன். சூடம் காட்டிக் கும்பிட்டுவிட்டு, மனைவி கொண்டுவந்த சுண்டலில் பாய்க்கு ஒரு டப்பா எடுத்து வைத்துவிட்டுக் கதவைப் பூட்டுவோம். லேத்துக்கு அன்று ஓய்வு. மறுநாள் விஜயதசமியன்று நான் கோவிலுக்குப் போய்விட்டு மெதுவாக வருவேன். பாய்தான் முதலில் வந்து கதவைத் திறந்திருப்பார்.

நான் வரும்போது தலைப்பாகத்தில் வைத்த பொட்டு அப்படியே இருக்கும், தடம் பளிச்சென்று இருக்கும். இதைப் பற்றி நான் அடித்துக்கொண்ட தம்பட்டம் கொஞ்சமல்ல. தண்ணீரும் சந்தனமும் எலுமிச்சைச் சாறும் பட்டால் இரும்பு துருப்பிடிக்கும் என்பது லேத் ஆளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எங்கள் லேத்தில் மட்டும் பிடிக்கவில்லை. அம்மன் பார்த்துக்கொள்கிறாள் என்று வாடிக்கையாளரிடம் சொல்லியிருக்கிறேன், சம்பந்தி வீட்டில் சொல்லியிருக்கிறேன், கோவிலில் பக்கத்தில் நின்றவரைப் பிடித்துவைத்துக்கூடச் சொல்லியிருக்கிறேன். பாயிடமே சொல்லியிருக்கிறேன். அவர் சுண்டலைச் சாப்பிட்டுக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பார்.

போன வருடம் நவராத்திரி நேரத்தில் பாயும் அவர் மனைவியும் உம்ரா யாத்திரைக்குப் புறப்பட்டார்கள். கிளம்புவதற்கு முந்தின நாள் அவர் லேத்தை நெடுநேரம் பார்த்தார். ஜிப்பை நெருக்கிச் சரியாக செட் செய்துவிட்டேன், அதைத் தொட வேண்டாம், சாயங்காலம் மட்டும் மறக்காமல் துடைத்துவிடுங்கள் என்றார். நான் சந்தோஷமாகப் போய் வாருங்கள், எனக்கும் சேர்த்து துவா கேளுங்கள் என்று கட்டிப்பிடித்து அனுப்பினேன்.

அந்தச் சமயத்தில்தான் தேக்காவில் மாவு மில் வைத்திருக்கும் அம்மா வந்தார். எங்களைவிடப் பத்து வயது இளையவர், கணவருக்கு முடியாமல் போனபின் மில்லைத் தனியாக நடத்துகிறவர். அவருடைய பெரிய அரவை இயந்திரத்தின் தண்டு, பேரிங் உட்காரும் இடத்தில் தேய்ந்துபோயிருந்தது. சின்ன இயந்திரம் ஒன்று இருக்கிறது, ஆனால் அது தீபாவளிக் கூட்டத்தைத் தாங்காது. முறுக்கு மாவு, அதிரச மாவு, மிளகாய்த்தூள் என்று தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் அரைப்பதுதான் அவருக்கு அந்த வருடத்தின் வரும்படி. நான் நெஞ்சில் தட்டி, விஜயதசமியன்று உங்கள் தண்டைத்தான் முதல் வேலையாக எடுக்கிறேன் என்றேன்.

பூஜையை வழக்கத்தைவிடத் தடபுடலாகவே செய்தேன். மறுநாள் கோவிலுக்குப் போய்விட்டு வந்து, நானே கதவைத் திறந்தேன். தடத்தில் பட்டையும் பொட்டும் அப்படியே காய்ந்து நின்றன. பொட்டைச் சுற்றிப் பழுப்பாக ஏதோ தெரிந்தது, சந்தனம் காய்ந்தால் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். எலுமிச்சை மூடிகளை மட்டும் எடுத்தேன். அடியில் தடம் மங்கலாக இருந்தது. பொட்டைத் துடைக்க எனக்குக் கை வரவில்லை. பொட்டை அழிப்பது என்ற பேச்சே எங்கள் வீட்டில் வாயில் வரக்கூடாது, அதுவும் விஜயதசமியன்று. ஓட ஓட அதுவாகவே போய்விடும் என்று மேலே எண்ணெயைத் தாராளமாக ஊற்றி, கும்பிட்டு, சாடிலை அதன்மேல் ஓட்டினேன். இதைப் படிக்கும் லேத் ஆள் யாராவது இருந்தால் இந்த இடத்தில் என்னைக் கன்னத்தில் அறையத் தோன்றும், தப்பில்லை.

சாடில் அன்றே கொஞ்சம் கனத்தது. புது எண்ணெய் என்று விட்டுவிட்டேன், சாயங்காலம் துடைக்கவும் இல்லை. அடுத்தடுத்த நாட்களில் கைச்சக்கரம் தலைப்பாகத்துக்குப் பக்கத்தில் முரண்டு பிடிக்க ஆரம்பித்தது. நகராது, பிறகு திடீரென்று ஒரு குதி குதிக்கும். தண்டின்மேல் வளையம் வளையமாகக் கோடு விழுந்தது. முதல் தண்டு வீண். எனக்குப் பாய் சொல்லிவிட்டுப் போனது ஞாபகம் வந்தது, ஜிப்பை நெருக்கியிருக்கிறேன் என்றாரே. சரி, மனிதர் ஊருக்குப் போகும் அவசரத்தில் அளவுக்கு மீறி இறுக்கிவிட்டார் என்று முடிவு கட்டினேன். தொட வேண்டாம் என்ற ஸ்க்ரூக்களைத் தளர்த்தினேன். சக்கரம் லேசானது. இப்போது சாடில் ஆடியது. நான் அந்த ஆட்டத்தோடு ஆடி இரண்டாவது தண்டைக் கடைந்து முடித்தேன்.

அதை எடுத்துப்போக மில் அம்மா நேரில் வந்துவிட்டார். பேரிங்கையும் கையோடு கொண்டுவந்திருந்தார். ஒரு முனையில் அது கச்சிதமாக ஏறியது. மறுமுனையில், ஒல்லிக் கையில் போட்ட பெரிய வளையல்போலக் கழன்று கழன்று ஓடியது. அவர் முகத்தில் ஈயாடவில்லை. தீபாவளிக்கு இன்னும் இரண்டு வாரம்தான்ணே என்றார் மெல்ல.

என் மானம் போய்விட்டது என்ற எண்ணம்தான் எனக்கு முதலில் வந்தது, அவர் பிழைப்பைப் பற்றிய எண்ணம் பிறகுதான் வந்தது. எனக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில் இருக்கும். அது இறங்க ஓர் ஆள் வேண்டும். பாய் போகும்போது லேத்தில் எதையோ திருகிவிட்டுப் போய்விட்டார், அதனால்தான் எல்லாம் என்று அந்த அம்மாவிடம் சொன்னேன். சொன்னதோடு நிற்காமல், அவர் கண்முன்னாலேயே கைத்தொலைபேசியை எடுத்து மதீனாவில் இருந்த மனிதரைக் கூப்பிட்டேன்.

அங்கே காலை நேரம். இப்போதுதான் பள்ளிவாசலிலிருந்து வெளியே வந்ததாகச் சொன்னார், குரலில் ஒரு சந்தோஷம் இருந்தது. நான் நலம் விசாரிக்கக்கூட இல்லை.

"என்ன பாய் நீ பண்ணி வச்சிட்டுப் போன? ஜிப்பை எப்படி இறுக்கியிருக்க, சாடில் நகர மாட்டேங்குது. ரெண்டு தண்டு போச்சு. தீபாவளி நேரத்துல கஸ்டமர் முன்னாடி என் மானத்தை வாங்குறதுக்கா?"

நீ என்று சொன்னது எனக்கே காதில் விழுந்தது. விழுந்தும் நிறுத்தவில்லை. பிறகு அவர் கேட்டார்.

"பூஜைக்கு மறுநாள் பெட்டைத் தொடச்சீங்களாண்ணே?"

"எதைத் தொடைக்கச் சொல்றீங்க?"

"பொட்டை."

சாடிலைப் பின்னால் தள்ளிவிட்டுக் கம்பளித் துண்டுகளைக் கழற்றிப் பாருங்கள் என்று நிதானமாகச் சொல்லிவிட்டு அவர் வைத்துவிட்டார். மில் அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பாய் என்ன சொல்கிறார் என்று கேட்டார்.

"மறந்துட்டாராம்" என்றேன்.

அந்தச் சொல் வாய் தவறி வந்தது என்று எழுத எனக்கு ஆசையாக இருக்கிறது. வாய் தவறவில்லை. பாய் கேட்ட கேள்வியிலேயே எனக்குப் பாதி புரிந்துவிட்டது. அம்மன் பார்த்துக்கொள்கிறாள் என்று இதே அம்மாவிடம் மூச்சுவிடாமல் பேசியவன் நான். அந்த முகத்தோடு, என் பொட்டுதான் உங்கள் தண்டைக் கெடுத்தது என்று சொல்ல எனக்கு வரவில்லை. அதற்குப் பதில், அங்கே தொலைவில் தொழுதுவிட்டு நிற்கும் ஒருவரின் வாயில் அவர் சொல்லாத ஒன்றைப் போட்டேன். மில் அம்மா பரவாயில்லைண்ணே, நல்ல காரியத்துக்குப் போகிறவர், மறதி வரும்தானே என்றார். இன்னும் நாலு நாளில் புதுத் தண்டு தருகிறேன் என்று சொல்லி அனுப்பிவைத்தேன்.

அவர் போனபின் கம்பளித் துண்டுகளைக் கழற்றினேன். எண்ணெயில் ஊறிய கம்பளி கறுப்பாக இருக்க வேண்டும். இது செங்கல் நிறத்தில், பிசைந்த மண் மாதிரி இருந்தது. விரலில் எடுத்துத் தேய்த்தால் நறநறவென்றது. விபூதியும் சந்தனமும் குங்குமமும் துருவும் எண்ணெயில் குழைந்து, சாணை பிடிக்கும் பசையாகிவிட்டிருந்தது. அதை அடியில் வைத்துக்கொண்டு நான் நாள் கணக்கில் சாடிலை முன்னும் பின்னும் இழுத்திருக்கிறேன். தடத்தைத் துடைத்தேன். மூன்று விரல் பட்டை, துருவாகவே தடத்தில் பதிந்திருந்தது. நடுவில் வட்டமாகப் பொட்டு. அதன் குறுக்கே நீளவாக்கில் கீறல்கள்.

ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். இத்தனை வருடமும் தடம் பளிச்சென்று இருந்தது யாரால் என்று அப்போதுதான் உறைத்தது. விஜயதசமியன்று அவர் ஏன் அவ்வளவு முன்னால் வந்து கதவைத் திறந்தார் என்றும், தலைப்பாகத்துப் பொட்டை விட்டுவிட்டுத் தடத்தில் இருப்பதை மட்டும் எப்படி எடுத்தார் என்றும் ஒவ்வொன்றாகப் புரிந்தது. சிவந்துபோன துணி ஒரு வருடம்கூடக் குப்பைத்தொட்டியில் கிடந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. அதையும் அவர் வீட்டுக்கே கொண்டுபோயிருக்க வேண்டும். நான் வந்து நின்று, பார்த்தீர்களா பாய், ஒரு துளி துரு இல்லை என்று அவரிடமே சவடால் விட்டிருக்கிறேன். வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது. பட்டறையில் யாரும் இல்லை, இருந்தும் முகத்தைக் கையால் மூடிக்கொண்டேன்.

சாயங்காலம் அவரிடமிருந்து குரல் செய்தி வந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டாம், அதன் மணல் உள்ளே போய்விடும். மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி, டூல் தீட்டும் எண்ணெய்க் கல்லைத் தட்டையாகப் பிடித்து லேசாகத் தேய்த்தால் போதும். கம்பளி புதுசு மேசை இழுப்பறையில் இருக்கிறது. ஜிப் ஸ்க்ரூவைச் சாடில் நிற்கும்வரை நெருக்கி, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி, கைச்சக்கரம் எல்லா இடத்திலும் ஒரே கனமாக இருக்கும்போது நிறுத்துங்கள். எல்லாம் பொறுமையாக, தெளிவாகச் சொல்லியிருந்தார். வேலை செய்துகொண்டே அந்தச் செய்தியைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். அதில் ஓர் இடத்தில்கூட அவர் அண்ணே என்று சொல்லவில்லை.

சாடிலைத் தூக்கிக் கழுவி, கல்லால் தேய்த்து, திரும்ப மாட்டி, ஜிப்பைச் சரிசெய்ய இரண்டு நாள் ஆனது. மூன்றாவது தண்டு சரியாக வந்தது. நானே தேக்காவுக்குக் கொண்டுபோய், மாட்டும்வரை கூட நின்றேன். இயந்திரம் ஓடியது, பேரிங் சூடாகவில்லை. மில்லில் ஆட்கள் அரிசிப் பையோடு வாசல்வரை நின்றார்கள். அந்த அம்மா என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். உண்மையைச் சொல்ல அது நல்ல இடம். சத்தமாக இருக்கிறது, கூட்டமாக இருக்கிறது, இன்னொரு நாள் சொல்லலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு எம்ஆர்டி ரயிலில் ஏறிவிட்டேன்.

பாய் பேரீச்சம்பழமும் புனித சம்சம் தண்ணீரும் கொண்டுவந்தார். அன்றைக்குத் தொலைபேசியில் கொஞ்சம் அதிகமாகப் பேசிவிட்டேன் என்றேன். வேலை டென்ஷன்ணே, விடுங்க என்றார். அண்ணே என்று கேட்டதும் எனக்கு அப்படி ஒரு நிம்மதி. அவர் தடத்தை விரலால் தடவினார், பட்டையின் தழும்பு மேல் விரல் கொஞ்சம் நின்றது. ஓடும், ஒன்றும் ஆகாது என்றார். மில் அம்மாவிடம் நான் சொன்ன அந்த ஒரு சொல்லைப் பற்றி அவரிடம் நான் வாயே திறக்கவில்லை. அவருக்கு எப்படித் தெரியப்போகிறது என்று இருந்துவிட்டேன்.

தீபாவளி முடிந்து, சிராங்கூன் சாலையில் விளக்குகளைக் கழற்றிக்கொண்டிருந்த நேரம். மில்லில் பெல்ட் ஓடும் ஒரு புல்லி தேய்ந்துவிட்டது, வந்து அளவு எடுத்துப் போங்கள் என்று அந்த அம்மா கூப்பிட்டார். தனியாகப் போய்விட்டு வருகிறேன் என்றேன். தேக்காவில் ஆட்டுக்கறி வாங்க வேண்டும், நானும் வருகிறேன் என்று பாய் வேனில் ஏறிக்கொண்டார். இப்போதாவது சொல்லிவிடு என்று ஒவ்வொரு சிக்னலிலும் நினைத்தேன். ஒவ்வொரு சிக்னலும் பச்சையானது.

மில் அம்மாவுக்கு அவரைப் பார்த்ததும் ஒரே சந்தோஷம். உம்ரா நல்லபடியாக முடிந்ததா, வெயில் எப்படி என்று விசாரித்தார். பிறகு சிரித்துக்கொண்டே, எந்தக் கெட்ட எண்ணமும் இல்லாமல் கேட்டார்.

"போற அவசரத்துல மெஷின்ல எதையோ டைட் பண்ணிட்டு மறந்துட்டீங்களாமே பாய். நீங்களே ஃபோன்ல சொன்னீங்களாம். பாவம்லா அண்ணன், ரெண்டு தண்டு வேஸ்ட்டாப் போச்சு."

பாய் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் புல்லியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல இருந்தது.

"ஆமாம்மா" என்றார் பாய். "தப்பு நடந்துபோச்சு."

அவர் அளவு நாடாவை எடுத்துப் புல்லியை அளக்கக் குனிந்தார். அந்தக் குனிந்த முதுகைப் பார்த்தபின் என்னால் நிற்க முடியவில்லை. அவர் எதையும் மறக்கவில்லை, தப்பு என்னுடையதுதான், பூஜையில் தடத்தின்மேல் வைத்த பொட்டும் பட்டையும்தான் உள்ளே போய் எல்லாவற்றையும் கெடுத்தது என்று அந்த அம்மாவிடம் சொன்னேன். எலுமிச்சம்பழம்வரை எல்லாம் சொன்னேன்.

அந்த அம்மா கேட்டுக்கொண்டே இருந்தார். முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. பின்னால் சுவரில் அவருடைய சாமி படங்கள், கீழே அரவை இயந்திரத்தின் நெற்றியில் அவர் வைத்த பொட்டு.

"சாமிக்கு வச்சதுல கெடுமாண்ணே?" என்றார். "அப்படிச் சொல்லாதீங்க. அவர் மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு நீங்க பழியை உங்க மேல போட்டுக்கிறீங்க."

நான் மறுபடி சொல்லப் பார்த்தேன். விடுங்கண்ணே என்றார் பாய், நிமிராமலே. அந்த அம்மா என்னைப் பெரிய மனசுக்காரன் என்று பார்த்த பார்வையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். ஒப்புக்கொண்டதற்கும் எனக்கே நல்ல பேர், மறந்தவர் என்ற பேர் இன்றுவரை பாய்க்குத்தான்.

தேக்கா நிலையச் சந்தையில் கறி வாங்கியபின் இருவரும் தேநீர் குடிக்க உட்கார்ந்தோம். அவர் பாலும் சர்க்கரையும் இல்லாத தே ஓ கொசோங் வாங்கிக்கொண்டார். நான் எதிரில் கூனிக் குறுகி உட்கார்ந்திருந்தேன். மன்னித்துவிடுங்கள் என்று சொன்னேன். பிறகு, எனக்குள் இருக்கும் ஏதோ ஒரு பிசாசு சும்மா இருக்காமல், இத்தனை வருடமாகத் துடைத்ததை என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன்.

முதல் வருடமே சொன்னேனே என்றார். லேத் வாங்கிய வருடம், முதல் ஆயுத பூஜை. தடத்தில் வேண்டாம், பெயின்ட் அடித்த பக்கம் வைத்துக்கொள்ளலாமே என்று அவர் சொன்னாராம். "உங்களுக்கு இதெல்லாம் தெரியாது பாய், கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்று நான் கத்தினேனாம். என் மனைவி பக்கத்தில் நின்றாளாம். அதனால்தான் அதற்குப்பின் பூஜையன்று வீட்டுக்குப் போய்விடுவதும், மறுநாள் முன்னால் வந்து துடைப்பதும். இன்னொருவர் வைத்த பொட்டை அழிக்கிறான் என்று யாரும் பார்த்துவிடக் கூடாதே என்று ஒவ்வொரு முறையும் பயந்துகொண்டே துடைப்பாராம். இந்த முறை ஊருக்குப் போகும்போது சொல்ல நினைத்தாராம், வாய் வரவில்லையாம்.

எனக்கு அது கொஞ்சமும் ஞாபகம் இல்லை. எவ்வளவு யோசித்தும் வரவில்லை. வீட்டுக்குப் போய் மனைவியைக் கேட்டேன். ஆமாம், கத்தினீங்க என்று சாதாரணமாகச் சொன்னாள்.

ஆனால் அன்று தேக்காவில் பாய் அதோடு நிறுத்தவில்லை. தேநீரைக் கலக்கிக்கொண்டே இருந்தார், அதில் கலக்க ஒன்றும் இல்லை.

"அது சாமி விஷயம்ணே. கோபம் வரும், எனக்கும் வரும். அதை நான் எப்பவோ விட்டுட்டேன். இது மெஷின் விஷயம். நான் தப்பா இறுக்கி வச்சிட்டு உங்ககிட்ட சொல்லாமப் போயிருப்பேன்னு நீங்க நெனச்சீங்களே, அதுதான் எனக்கு."

அதுதான் என்ன என்று அவர் சொல்லி முடிக்கவில்லை. கறிப் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். வேன் இருக்கும் இடம்வரை நான் அவருக்குப் பின்னால் நடந்தேன்.

இப்போதும் ஒரே லேத்தில்தான் வேலை செய்கிறோம். சேர்ந்து சாப்பிடுகிறோம், சிரித்துப் பேசுகிறோம். ஒன்று மட்டும் மாறியிருக்கிறது. சாயங்காலம் துடைத்து முடித்ததும் பாய் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு என் முன்னால் வந்து நிற்கிறார். முன்பக்கக் கம்பளியைக் கழுவிப் போட்டிருக்கிறேன், சாடிலுக்கு மேலே ஓடும் ஸ்லைடின் ஜிப்பைக் கொஞ்சம் நெருக்கியிருக்கிறேன், பின்பக்கம் எதையும் தொடவில்லை என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறார். முன்பு ஒரு நாளும் அவர் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. பாதிச் சொந்தக்காரர், வேலைக்குச் சேர்ந்த ஆள்போல என்னிடம் கணக்கு ஒப்பிக்கிறார். நான் தலையாட்டுகிறேன், வேறு என்ன செய்வது என்று தெரியாமல்.

போன வாரம் துணிந்து, "இதெல்லாம் எங்கிட்ட எதுக்கு பாய் சொல்லிக்கிட்டு?" என்றேன்.

"இல்லண்ணே, தெரிஞ்சிருக்கட்டும்" என்றார். பிறகு விட்ட இடத்திலிருந்து தொடங்கி, மீதியையும் சொல்லி முடித்தார்.